ரீச்சரிட்டக் கேளுங்கோ: விண்ட் எண்டால் காத்து மட்டுமோ?

இந்தமுறை வந்த கடிதங்களில கனக்க ஒரே இங்கிலீஸ் சொல்லைப் பற்றித்தான் வந்திருக்கு. வாடை தொடங்கினாப் பிறகு போனுக்கு வாற வானிலை மெசேஜ் எல்லாத்திலயும் விண்ட் விண்ட் எண்டு கிடக்கிறதால ஆக்கள் கவனிக்கத் தொடங்கீற்றினம் போல. பிறகு அதே சொல் பிள்ளையின்ர பாடப்புத்தகத்தில வேற மாதிரி, லண்டனில இருக்கிற மகளின்ர வாயில வேற மாதிரி, லோயர் அனுப்பின கடிதத்தில இன்னொரு மாதிரி வருது. நல்ல கேள்வியள். இந்த இதழ் முழுக்க இந்த ஒரு சொல்லுக்கே எண்டு விட்டிட்டன், மற்றக் கேள்வியளை அனுப்பினவை குறை நினைக்காதேங்கோ, அடுத்த இதழில கட்டாயம் வரும்.

கேள்வி: ரீச்சர், நான் முல்லைத்தீவில கடற்தொழில் செய்யிறனான். மகன் கொழும்பில இருந்து வானிலை அறிக்கையை இங்கிலீசில அனுப்புறவன். போன கிழமை "நோர்த்ஈஸ்டர்லி விண்ட்ஸ், 30 ரு 40, கஸ்டிங் அப் ரு 50" எண்டு வந்தது. என்னோட தொழிலுக்கு வாற பெடியன் சொல்லுறான் அது வடகிழக்குப் பக்கமாப் போற காத்தாம். நான் வடகிழக்கால வாற காத்து எண்டு சொன்னன். ஆர் சொல்லுறது சரி?

பதில்: அண்ணை, நீங்கள் சொன்னதுதான் சரி. இங்கிலீசில காத்துக்கு அது வாற திசையைத்தான் பேராய் வைக்கிறவை. நோர்த்ஈஸ்டர்லி எண்டால் வடகிழக்கில இருந்து வாறது, அதாவது எங்கட வாடை. சவுத்வெஸ்டர்லி எண்டால் தென்மேற்கில இருந்து வாறது, எங்கட சோளகம். நாங்களும் அப்பிடித்தானே சொல்லுறனாங்கள், கொண்டல் எண்டால் கிழக்கால வாறது, கச்சான் எண்டால் மேற்கால வாறது, ஒருத்தரும் அது எங்க போகுது எண்டு பாத்துப் பேர் வைக்கேல்லை. அதால உங்களுக்கு இதில குழப்பம் வரத் தேவையில்லை, உங்கட தொழில்ப் பழக்கத்தை அப்பிடியே நம்பலாம்.

ஆனால் அந்தத் தம்பிக்கு ஏன் அப்பிடி விளங்கினது எண்டும் சொல்லவேணும். இங்கிலீசில நீரோட்டத்துக்கு எதிர்மாறாத்தான் பேர் வைக்கிறது, அது போற திசையால. "நோர்த்ஈஸ்டர்லி கரண்ட்" எண்டால் வடகிழக்கை நோக்கி ஓடுற நீரோட்டம். ஒரே அறிக்கையில ரெண்டும் பக்கத்தில பக்கத்தில வந்தால் படிச்ச ஆக்களே தடுமாறுவினம். அதோட "வேர்ட்" எண்டு முடிஞ்சால், நோர்த்ஈஸ்ட்வேர்ட் எண்டு இருந்தால், அது போற பக்கம். "லி" எண்டு முடிஞ்சு பக்கத்தில விண்ட் இருந்தால் அது வாற பக்கம். இதைத் தம்பிக்கு ஒருக்கா நல்லா விளங்கப்படுத்தி விடுங்கோ, ஏனெண்டால் முல்லைத்தீவுக் கரை பாக்கிறதே வடகிழக்குப் பக்கம். நடுக்கடலில எஞ்சின் நிண்டுபோச்செண்டு வையுங்கோ, வாடைக் காத்து படகைக் கரைப் பக்கமாத் தள்ளும், அலைக்குள்ள ஏத்திற ஆபத்து இருந்தாலும் நிலம் முன்னால இருக்கு. சோளகம் எண்டால் வெளிக்கடலுக்கு இழுத்துக்கொண்டு போகும். திசையைத் தலைகீழா விளங்கிக்கொண்டால் போறது உயிர், அதாலதான் இந்தக் கேள்விக்கு இவ்வளவு இடம் எடுக்கிறன்.

இனி அந்த இலக்கங்கள். 30 ரு 40 எண்டது பொதுவா நிண்டு அடிக்கிற காத்தின்ர வேகம். "கஸ்ட்" எண்டால் இடைக்கிடை திடீரெண்டு தூக்கி அடிக்கிறது, ஒரு கொஞ்ச நேரம் அடிச்சிட்டு அடங்கீடும். கஸ்டிங் அப் ரு 50 எண்டால் அந்தத் திடீர் வீச்சு 50 வரைக்கும் போகலாம். படகைக் கவிழ்க்கிறது பெரும்பாலும் அந்த வீச்சுத்தான், அதால பெரிய இலக்கத்தைப் பாத்து முடிவெடுங்கோ, சின்னதைப் பாத்து இல்லை.

இன்னொண்டு, இது முக்கியம். அந்த இலக்கம் என்ன அளவில இருக்கு எண்டு பாருங்கோ. வானிலைத் திணைக்களத்தின்ர தமிழ் அறிக்கையில மணிக்கு இத்தனை கிலோமீற்றர் எண்டு வரும். ஆனால் பெடியள் போனில பாக்கிற விண்டி போன்ற ஆப்புகளில "கே ரி" (kt) எண்டு ரெண்டு எழுத்துப் போட்டிருக்கும், அது நொட். ஒரு நொட் எண்டால் மணிக்கு 1.852 கிலோமீற்றர். அப்ப 30 நொட் எண்டு இருந்தால் அது மணிக்கு ஏறத்தாழ 56 கிலோமீற்றர், ஆனா 30 தானே எண்டு படகைத் தள்ளுற ஆக்கள் இருக்கினம். விண்டியில அந்த அளவுப் பட்டையைத் தட்டினால் கிலோமீற்றருக்கு மாத்தலாம், மகனிட்டச் சொல்லி மாத்தி வையுங்கோ. "கேல்" எண்டு ஒரு சொல் வந்தால் அது 34 நொட்டும் அதுக்கு மேலயும், மணிக்கு 63 கிலோமீற்றர் அளவு. எங்கட வங்காள விரிகுடாவில ஒரு தாழமுக்கம் வலுத்துப் புயல் எண்டு பேர் எடுக்கிறதும் அந்த 34 நொட்டிலதான். கேல் எண்டு கண்டால் படகை மேல ஏத்திக் கட்டுங்கோ, வேற யோசினை வேண்டாம்.

கேள்வி: என்ர மகள் லண்டனில பிள்ளை பெத்து ரெண்டு மாசம். வட்ஸ்அப்பில கதைக்கேக்க "அம்மா வையுங்கோ, நான் பேபிய விண்ட் பண்ணவேணும்" எண்டு சொல்லீற்று வைக்கிறா. பிள்ளைக்குக் காத்து அடிக்கிறதோ? ஃபானுக்குக் கீழ படுத்துறதோ? எனக்கு நித்திரை இல்லை. (தருமபுரத்திலிருந்து ஒரு அம்மம்மா)

பதில்: அம்மா, பயப்பிடாதேங்கோ, நீங்கள் உங்கட பிள்ளையளுக்குச் செய்ததைத்தான் அவ செய்யிறா. பால் குடுத்தாப் பிறகு பிள்ளையைத் தோளில போட்டு முதுகைத் தடவித் தட்டி ஏவறை எடுப்பிக்கிறமே, அதைத்தான் பிரித்தானிய இங்கிலீசில "விண்ட் த பேபி" எண்டு சொல்லுறது. பாலோட சேத்து விழுங்கின காத்தை வெளிய எடுக்கிறது. அமெரிக்காவில எண்டால் "பேர்ப்" எண்டு சொல்லுவினம்.

வயித்துக்குள்ள நிக்கிற காத்துக்கும் விண்ட் எண்டுதான் பேர். "பேபி ஹாஸ் விண்ட்" எண்டால் பிள்ளைக்கு வயிறு ஊதிக் கிடக்கு, வாய்வு. பெரிய ஆக்களுக்கும் அப்பிடித்தான், "பிரேக்கிங் விண்ட்" எண்டு மரியாதையாச் சொல்லுறது நாங்கள் காத்துப் பிரியிறது எண்டு சொல்லுறதுதான். மகளிட்ட இனி நீங்களே கேளுங்கோ, "விண்ட் பண்ணீற்றியோ பிள்ளை" எண்டு. தோளில ஒரு துவாயைப் போடச் சொல்லுங்கோ, பால் கக்கும்.

கேள்வி: ரீச்சர் வணக்கம். நான் கிளிநொச்சியில ஓஎல் படிக்கிறன். ஒரு பந்தியை வாசிக்கச் சொல்லேக்க நான் விண்ட் எண்டு வாசிச்சன், சேர் அது வைண்ட் எண்டு சொன்னவர். எழுத்து ஒண்டுதானே? எப்பிடி எனக்குத் தெரியும்?

பதில்: எழுத்து ஒண்டுதான் பிள்ளை, சொல் ரெண்டு. பழைய இங்கிலீசிலயே ரெண்டும் வேற வேற. காத்து எண்டால் விண்ட். சுத்திறது, வளைஞ்சு போறது, முறுக்கிறது எண்டால் வைண்ட். எழுத்தைப் பாத்துக் கண்டுபிடிக்க ஏலாது, பக்கத்தில என்ன நிக்குது எண்டு பாத்துத்தான் கண்டுபிடிக்கலாம். வசனத்தில அது வினைச்சொல்லா நிண்டு, கயிறோ கம்பியோ பாதையோ மணிக்கூடோ பக்கத்தில இருந்தால் பெரும்பாலும் வைண்ட்.

உனக்கு இது தெரியாத சொல் இல்லை எண்டு சொல்லுறன் கேள். உங்கட வீட்டுக் கிணத்து மோட்டர் எரிஞ்சுபோனால் அப்பா எங்க கொண்டுபோறவர்? வைண்டிங் கடைக்கு. பழைய கருகின செப்புக் கம்பியை உரிச்சு எறிஞ்சிட்டு, புதுக் கம்பியை எண்ணி எண்ணிச் சுத்தி, அந்தச் சுத்துகளுக்கிடையில கடதாசி வைச்சு, வார்னிஷ் பூசிக் காயவிடுவினம். சுத்து எண்ணிக்கை மாறினால் மோட்டர் திரும்ப எரியும். அந்த வைண்டிங்தான் உன்ர பந்தியில வந்த வைண்ட். வன்னியில எந்தப் பிள்ளைக்கும் இந்தச் சொல் சின்னனில இருந்தே தெரியும், ஆனால் பள்ளிக்கூடப் புத்தகத்தில கண்டால் ஏதோ புதுச் சொல் எண்டு பயப்பிடுறியள், அதுதான் எனக்குக் கவலை. ரேப்பை ரீவைண்ட் பண்ணுறது, பழைய வானில கைபிடியைச் சுத்திக் கண்ணாடியை இறக்கிறது, அது "வைண்ட் டவுண் த விண்டோ", எல்லாம் இந்தக் குடும்பம். வளைஞ்சு வளைஞ்சு போற றோட்டு வைண்டிங் றோட்.

இறந்தகாலம் இன்னும் கவனம். வைண்ட் எண்டதுக்கு இறந்தகாலம் "வவுண்ட்". அதே எழுத்தை "வூண்ட்" எண்டு வாசிச்சால் காயம். "த நேர்ஸ் வவுண்ட் த பண்டேஜ் ரவுண்ட் த வூண்ட்", நேர்ஸ் காயத்தைச் சுத்திப் பண்டேஜ் போட்டா. இந்த ஒரு வசனத்தைப் பத்துத்தரம் சத்தமா வாசி, வீட்டில ஆக்கள் பாத்தால் பாக்கட்டும். காத்து எண்ட விண்டை வினைச்சொல்லாப் போட்டால் இறந்தகாலம் "விண்டட்", அது மூச்சோட சம்பந்தப்பட்டது. பந்து வயித்தில பட்டு மூச்செடுக்க ஏலாமல் குந்துற பெடியனை "ஹீ வோஸ் விண்டட்" எண்டு சொல்லுவினம். மூச்சுக்குழாய் விண்ட்பைப். மரதன் ஓடேக்க இனி ஏலாது எண்டு கால் சோர்ந்து, பிறகு எங்கயோ இருந்து ஒரு மூச்சு வந்து ஓட்டம் இலேசாகுமே, அது "செக்கண்ட் விண்ட்". இப்ப அதைப் படிப்புக்கும் வேலைக்கும்கூடப் பாவிக்கினம். நீட்டி நீட்டிக் கதைக்கிற ஆள் "லோங்-விண்டட்", நீளமான மூச்சு இருந்தாத்தானே நிப்பாட்டாமல் கதைக்கலாம்.

யன்னலையும் ஒருக்காப் பார். விண்டோ எண்ட சொல்லுக்குள்ள இருக்கிறதும் காத்துத்தான், பழைய நோர்ஸ் மொழியில "விண்ட்அவ்கா", காத்தின்ர கண். எங்கட பழந்தமிழில யன்னலுக்குக் காலதர் எண்டு ஒரு பேர் இருக்கு, கால் எண்டால் காத்து, அதர் எண்டால் வழி. பலகணி எண்டும் இருக்கு, அதுக்குள்ளயும் கண். நாங்கள் இப்ப சொல்லுற யன்னல் போர்த்துக்கேயரின்ர சொல்லில இருந்து வந்தது. இதெல்லாம் சோதினைக்கு வராது, ஆனால் தெரிஞ்சிருந்தால் சொல்லில ஒரு ஆசை வரும்.

கேள்வி: விசுவமடுவில தோட்டம் செய்யிறன். புதுசா வாங்கின மருந்தடிக்கிற மெசினோட வந்த புத்தகம் முழுக்க இங்கிலீஸ். "ஸ்ராண்ட் அப்விண்ட்" எண்டு ஒரு படத்துக்குக் கீழ போட்டிருக்கு, "டவுண்விண்ட்" எண்டு இன்னொண்டில சிவப்புக் கோடு கிழிச்சிருக்கு. மேல கீழ எண்டு என்ன சொல்லுறாங்கள்?

பதில்: தம்பி, மேல கீழ எண்டதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை, மேட்டில நிண்டு அடிக்கச் சொல்லேல்லை. அப்விண்ட் எண்டால் காத்து வாற பக்கம். டவுண்விண்ட் எண்டால் காத்து போற பக்கம். நீங்கள் காத்து வாற பக்கத்தில, காத்து முதுகில படுறமாதிரி நிண்டு, மருந்து உங்களை விட்டு விலகிப் போறமாதிரி அடிக்கவேணும். டவுண்விண்டில நிண்டால் அடிக்கிற மருந்து முழுக்க உங்கட முகத்துக்குத்தான் வரும், அதுக்குத்தான் சிவப்புக் கோடு.

ஒரு வரிசை முடிச்சிட்டுத் திரும்பி வரேக்கதான் பிழை விடுறது, போகேக்க முதுகில பட்ட காத்து வரேக்க நெஞ்சில படும். அதால திரும்பி வரேக்க அடிக்காமல் வாங்கோ, இல்லாட்டில் காத்துக்குக் குறுக்காலை நடந்து, காத்து போற பக்கத்து வரிசையில தொடங்கி, வாற பக்கத்து வரிசைக்கு வாங்கோ. அப்ப அடிச்சு ஈரமாக் கிடக்கிற பயிருக்குள்ளால நடக்கவும் தேவையில்லை. பலத்த காத்து நேரம் அடிக்கவே வேண்டாம், விடிய வெள்ளன அடியுங்கோ. டவுண்விண்டில பக்கத்துக் காணிக்காரரின்ர வீடோ கிணறோ ஆட்டுப்பட்டியோ இருக்கோ எண்டும் பாருங்கோ, அவையும் அதைத்தான் சுவாசிக்கிறது.

உங்களுக்குப் பிடிக்கிற இன்னொரு சொல்லும் சொல்லுறன். "வின்னோ" எண்டு இங்கிலீசில ஒரு சொல் இருக்கு, அது விண்ட் எண்ட சொல்லில இருந்து பிறந்தது, களத்தில பொலி தூத்திறது. இப்ப மெசின் வெட்டி மெசினே தூத்தி மூட்டையாத் தாறதால சின்னப் பிள்ளையளுக்குத் தெரியாது, ஆனால் காத்துக்கு முகம் குடுத்துச் சுளகால நெல்லை விழுத்தினால் சப்பி ஒரு பக்கம் பறக்க நெல்மணி நேரா கீழ விழுறதைப் பாத்த ஆக்களுக்கு அந்தச் சொல்லை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கேள்வி: பேப்பரில "விண்ட்ஃபோல் ரக்ஸ்" எண்டு வாசிச்சன். காத்துக்கும் வரியோ?

பதில்: காத்துக்கு வரி இல்லை அண்ணை, நல்லகாலம். விண்ட்ஃபோல் எண்டால் காத்துக்கு விழுந்த பழம். சோளகம் தூக்கி அடிச்ச அண்டைக்கு விடிய மாமரத்தடியில போய்ப் பாத்தால் ஏறாமல் கொக்கத்தடி பிடிக்காமல் ஒரு கடகம் மாங்காய் கிடக்குமே, அது. அதில இருந்துதான் உழைக்காமல் எதிர்பாராமல் வாற பெரிய காசுக்கும் அந்தப் பேர் வந்தது. எண்ணெய் விலை உலகத்தில திடீரெண்டு ஏறினால் எண்ணெய்க் கொம்பனியளுக்கு அப்பிடி லாபம் விழும், அதில அரசாங்கம் கூடுதலா எடுக்கிற வரிதான் விண்ட்ஃபோல் ரக்ஸ். பிரித்தானியாவில 1997 இல தனியார்மயமாக்கின கரண்ட், தண்ணி மாதிரிச் சேவைக் கொம்பனியளுக்கும், 2022 இல எண்ணெய், எரிவாயுக் கொம்பனியளுக்கும் அப்பிடிப் போட்டவை.

கேள்வி: மாங்குளத்தில ரயர் ஒட்டுற கடை வைச்சிருக்கிறன். வெள்ளைக்காரர் வந்தால் "யூ வோண்ட் விண்ட்?" எண்டு கேக்கலாமோ?

பதில்: வேண்டாம் தம்பி, "எயார்" எண்டு கேளுங்கோ. அசையிற காத்துத்தான் விண்ட். ரயருக்குள்ள அடைச்சு வைக்கிறது, மூச்சில இழுக்கிறது, அறைக்குள்ள நிக்கிறது எல்லாம் எயார். "செக் த எயார்?" எண்டு கேட்டால் போதும். முன் கண்ணாடியை அவை விண்ட்ஸ்க்ரீன் எண்டு சொல்லுவினம், அமெரிக்கர் எண்டால் விண்ட்ஷீல்ட்.

கேள்வி: மன்னார்க் கடற்கரையில நிக்கிற பெரிய காத்தாடியளை விண்ட்மில் எண்டு எழுதலாமா, விண்ட் ரேர்பைன் எண்டு எழுதவேணுமா? பேத்தியின்ர கட்டுரைக்கு. (மடுப் பக்கத்திலிருந்து)

பதில்: கதைக்கேக்க ரெண்டையும் சொல்லுகினம், கட்டுரைக்கு விண்ட் ரேர்பைன் எண்டு எழுதச் சொல்லுங்கோ. மில் எண்டால் அரைக்கிறது, பழைய காலத்தில ஐரோப்பாவில காத்தால கல்லைச் சுத்தித் தானியம் அரைச்சதால விண்ட்மில். இது அரைக்கேல்லை, கரண்ட் எடுக்குது. முழு இடத்துக்கும் விண்ட் ஃபாம் எண்டு பேர். பேத்தி இலக்கம் போட விரும்பினால், மன்னார்த் தீவின்ர தென் கரையில இருக்கிற தம்பபவனியில 30 ரேர்பைன், ஒண்டு 3.45 மெகாவொட், மொத்தம் 103.5 மெகாவொட். 2020 டிசெம்பரில திறந்தவை. அதே டிசெம்பர் தொடக்கத்திலதான் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கால கரை ஏறி வன்னிக்குள்ளால போனது, கட்டுரையில ரெண்டையும் எழுதினால் வாசிக்க நல்லாயிருக்கும்.

கேள்வி: "ஐ கொட் விண்ட் ஒஃப் இட்" எண்டால் என்ன?

பதில்: "காத்துவாக்கில கேள்விப்பட்டன்." அவ்வளவுதான், சொல்லுக்குச் சொல் எங்கட கதை. ஆனால் "த்ரீ ஷீட்ஸ் ரு த விண்ட்" எண்டதை அப்பிடி மாத்த ஏலாது, அது நல்ல வெறி எண்டது. ஷீட் எண்டால் அதில துணி இல்லை, பாயை இழுத்துப் பிடிக்கிற கயிறு, கயிறு கழண்ட பாய்க்கப்பல் தள்ளாடும்.

கேள்வி: ரீச்சர், நான் வவுனியாவில இருக்கிறன், கணவர் இல்லை. ஒரு நிதிக் கொம்பனியில போட்ட காசு கனகாலமாத் திரும்ப வரேல்லை. இப்ப இங்கிலீசில ஒரு கடிதம் வந்திருக்கு, அதில "வைண்டிங் அப்" எண்டு தலைப்பில இருக்கு. அக்கம்பக்கத்தில ஒருத்தர் காத்து சம்பந்தமா ஏதோ எண்டு சொல்லீற்றார், நானும் ஒரு பக்கம் வைச்சிட்டன்.

பதில்: தங்கச்சி, அந்தக் கடிதத்தை இப்பவே எடுங்கோ. இது காத்தில்லை, இது வைண்ட், சுத்தி முடிக்கிறது. கொம்பனியை வைண்டிங் அப் எண்டால் அதை மூடி, இருக்கிற சொத்தை வித்து, குடுக்கவேண்டிய ஆக்களுக்குச் சட்டம் சொல்லுற வரிசையில பிரிச்சுக் குடுக்கிற வேலை. இலங்கையில அது 2007 ஆம் ஆண்டு 7 ஆம் இலக்கக் கொம்பனிகள் சட்டத்துக்குக் கீழ நடக்கிறது. கடிதத்துக்குள்ள "லிக்குவிடேற்றர்" எண்டு ஒரு சொல் இருக்கும், அவர்தான் அந்த வேலையைச் செய்யிற ஆள், அவரின்ர விலாசமும் பக்கத்தில இருக்கும். "க்ளெயிம்" எண்டோ "ப்ரூஃப் ஒஃப் டெப்ற்" எண்டோ இருந்தால் எனக்கு இவ்வளவு காசு வரவேணும் எண்டு நீங்கள் எழுத்தில அறிவிக்கவேணும் எண்டு அர்த்தம், அதுக்கு ஒரு கடைசித் திகதியும் போட்டிருக்கும். "ஒன் ஓர் பிஃபோர்" எண்ட சொல்லுக்குப் பிறகு வாற திகதிதான் அது, அதை முதல்ல பாருங்கோ.

காசு போட்ட பத்திரம், பற்றுச்சீட்டு, வங்கிப் புத்தகம், அடையாள அட்டை எல்லாத்தையும் போட்டோக் கொப்பி எடுங்கோ, மூலத்தை ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ. அனுப்பிறதைப் பதிவுத் தபாலில அனுப்பி அந்தத் துண்டைப் பத்திரமா வையுங்கோ. லோயருக்குக் குடுக்கக் காசில்லை எண்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின்ர அலுவலகம் நீதிமன்றம் இருக்கிற கனக்க ரவுணுகளில இருக்கு, அங்க கடிதத்தோட நேர போங்கோ. திகதி பிந்தியிருந்தாலும் போங்கோ, பிந்தினதுக்கு என்ன செய்யலாம் எண்டு அவை சொல்லுவினம். கடிதத்தில விளங்காத வரி இருந்தால் அதை மட்டும் எழுதி எனக்கு அனுப்புங்கோ, கணக்கு இலக்கம் ஒண்டும் எழுதவேண்டாம், அடுத்த இதழ் வரும்வரைக்கும் வைச்சிராமல் நேரடியாப் பதில் போடுறன்.